கடைசி வரிகளை வெட்டியவர்

அலுவலகத்தில் அவருக்குக் கத்தரி என்று பெயர். பத்திரிகையில் உதவி ஆசிரியர். நிருபர்கள் எழுதித் தள்ளுவதைப் பக்கத்துக்கு அடங்கும்படி வெட்டிக் கொடுப்பது வேலை. செய்தியின் உயிர் தலையில் இருக்கிறது, இடம் போதாவிட்டால் யோசிக்காமல் வாலை வெட்டு என்று சேர்ந்த புதிதில் சொல்லிக் கொடுத்தார்கள். வெட்டி வெட்டிக் கையும் மரத்துப் போயிற்று, மனசும் மரத்துப் போயிற்று. வீட்டுக்குப் போனால் ஓர் எழுத்தைக் கண்ணால் பார்க்கப் பிடிக்காது. மருந்துச் சீட்டைக்கூட மனைவிதான் படித்துச் சொல்ல வேண்டும்.

அவருக்கு ஒரே தங்கை. கணவர் வெளியூரில் வேலை பார்க்க, கீழே விழுந்து இடுப்பு ஒடிந்த மாமியாரை அவள்தான் பார்த்துக்கொண்டாள். மாமியார் தூங்கும் மத்தியானங்களில் வலைப்பூ ஒன்று எழுதினாள், பெயர் போடாமல்.

"படிச்சியாண்ணா?" என்று போனில் கேட்பாள்.

"படிக்கிறேம்மா, படிக்கிறேன்."

எங்கே படித்தார்? நாள் முழுக்க அடுப்படியில் வெந்தவனைச் சமையல் போட்டிக்குக் கூப்பிட்ட மாதிரி இருந்தது அவருக்கு.

அந்தச் சமயத்தில் பத்திரிகைகளுக்கெல்லாம் வலைப்பூ ஜுரம் கண்டிருந்தது. ஆளாளுக்கு வாய்க்கு வந்ததை எழுதுகிறார்கள், கேட்பார் இல்லையா, சட்டம் வேண்டாமா என்று ஒரே கூப்பாடு. டிவியில் நாலு பேர் தொண்டை கிழியக் கத்தினார்கள். அந்த நாலு பேரில் ஒருத்தராவது ஒரு வலைப்பூவைத் திறந்து பார்த்திருந்தால் என்னை ஏனென்று கேளுங்கள்! கத்தரியின் பத்திரிகை மட்டும் சும்மா இருக்குமா? நிருபர் ஒருவர் முழுப் பக்கக் கட்டுரையோடு வந்து நின்றார். ஊர் பேர் தெரியாத ஒரு பெண் எழுதியதிலிருந்து அதில் ஒரு பத்தி இருந்தது.

'இன்னைக்கு அத்தையைத் தலையணையால அமுக்கிடலாமான்னு தோணிச்சு. அவங்ககிட்டயே சொன்னேன். அமுக்கு, ஆனா இந்தத் தலையணை வேணாம், அழுக்கா இருக்குன்னாங்க. ரெண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரிச்சோம்.'

அச்சுக்குப் போகிற நேரத்தில் விளம்பரம் ஒன்று வந்து பக்கத்தில் குந்திக்கொண்டது. கத்தரி கொட்டாவி விட்டபடி பத்திக்கு ஒரு வால் என்று வெட்டினார். இந்தப் பத்தியில் முதல் வாக்கியம் மட்டும் தங்கியது. 'முதியோரைக் கொல்லத் தூண்டும் வலைப்பூக்கள்: கடிவாளம் போடுமா அரசு?' என்று தலைப்பு வைத்ததும் அவர்தான். ஆசிரியர் முதுகில் தட்டிக் கொடுத்தார்.

மறுநாள் மத்தியானத்துக்குள், பேப்பரைப் படித்தவர்கள் அந்த வாக்கியத்தைத் தேடிப் போய் வலைப்பூவைக் கண்டுபிடித்துக் காறித் துப்பிவிட்டார்கள். முழுசாகப் படிக்க யாருக்குப் பொறுமை? இடுப்பு ஒடிந்த மாமியார், வெளியூர்க் கணவர் என்று மற்ற பதிவுகளிலிருந்து அடையாளம் பிடித்து யாரோ நாத்தனார் காதில் போட, சாயங்காலம் தங்கை போனில் அழுதாள்.

"அண்ணா, அத்தையைக் கூட்டிட்டுப் போக நாத்தனார் காரோட வந்துட்டா. மிச்ச வரியையெல்லாம் எந்தப் பாவி வெட்டினான்னு தெரியல. நீ பத்திரிகைக்காரன்ல, நீ வந்து சொன்னா நம்புவா."

அந்தப் பாவி யாரென்று கத்தரிக்குப் புரிந்துவிட்டது. நேரே ஆசிரியரிடம் ஓடினார்.

"சார், ஒரு சின்னத் திருத்தம் போடணும்."

"வலைப்பூவுக்கெல்லாம் திருத்தமா? நல்லா இருக்கே! அப்புறம் தெருவுல போறவன்லாம் வந்து நிப்பான்யா."

திரும்பி ஒரு வார்த்தை கேட்கத் தெம்பில்லை. அத்தனை வருஷமும் தெம்பில்லாமல்தானே ஓடிற்று. ஆட்டோ பிடித்துத் தங்கை வீட்டுக்குப் போனார்.

வாசலில் கார் நின்றது. மாமியாரைப் பின் சீட்டில் சாய்த்தாயிற்று. "நான் வரலடி, என்னை விடுடி. என் மருமக என்னை ஒண்ணும் பண்ணல" என்று கிழவி மகளிடம் மன்றாடிக்கொண்டிருந்தாள். பயத்தில் அப்படிச் சொல்கிறாள் என்று மகள் முடிவு கட்டிவிட்டாள்.

"ஏம்மா, கொஞ்சம் நில்லு. நீ படிச்ச வரிக்கு அப்புறம் இன்னும் மூணு வரி இருந்தது. இடம் இல்லேன்னு வெட்டினது வேற யாருமில்ல, நான்தான்" என்றார் கத்தரி.

பக்கத்தில் நின்ற தங்கை சட்டென்று அவர் முகத்தைப் பார்த்தாள்.

நாத்தனார் சிரித்தாள். "தங்கச்சிக்காக நீங்க பழியை ஏத்துக்கறீங்க. நல்ல மனசு. ஆனா பேப்பர்ல போட்டிருக்கே, பொய்யா போடுவாங்க?"

பேப்பர் பொய் சொல்லாது என்று நம்புகிறவளிடம், பேப்பர்க்காரன் பேச்சு எடுபடவில்லை. கதவை அடைத்துக் கார் கிளம்பியது. கண்ணாடிக்குப் பின்னால் கிழவி அழுதது தெருவுக்கே தெரிந்தது.

தங்கை கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"என் எழுத்துன்னு உனக்குத் தெரியலையாண்ணா?"

"சத்தியமா தெரியலம்மா."

"எப்பவும் அத்தையைப் பத்தித்தானே எழுதறேன். ரெண்டு வருஷமா படிக்கிறேன் படிக்கிறேன்னு சொன்னியே?"

அவர் அவசரமாகப் போனை எடுத்து அவள் வலைப்பூவைத் தேடப் போனார்.

"ஒண்ணே ஒண்ணு படிச்சிருந்தா போதுமே, அண்ணா" என்றாள் அவள்.