எடுத்தேன் என்ற ஒரு சொல்

வழக்கு விசாரிக்கும் கோட்டைக் கச்சேரியில் நான் துபாஷியாகச் சேர்ந்து இரண்டாவது வருஷம். ஒல்லாந்தர் பேசுவதைத் தமிழிலும், நம் ஜனங்கள் பேசுவதை அவர்கள் பாஷையிலும் மாற்றிச் சொல்வது என் வேலை. பழவேற்காட்டுத் துறையில் சரக்கு இறக்கும் மாலுமிகளோடு பேசிப் பேசியே கற்ற பாஷை அது. காது நன்றாகப் பிடித்துக்கொள்ளும். நாக்குதான் சில நேரம் அவசரப்படும்.

ஐப்பசிப் புயல் ஓய்ந்த மறுவாரம், கோட்டைக்குப்பத்து மீனவர் ஒருவரைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அவர் வீட்டு வாசல் மணலில் சாயத்துணி இரண்டு பொதி பிரித்துக் காயப் போட்டிருந்ததாம். கோட்டை முத்திரை இல்லாத துணியெல்லாம் அப்போது கள்ளச் சரக்கு. காவலர்கள் துணியோடு அவருடைய படகையும் பிடித்துக்கொண்டார்கள். துணி போனால் போகட்டும், படகைக் கொடுங்கள் என்பதுதான் அவர் கேட்டது.

"துணி எங்கிருந்து வந்தது?" என்றார் அதிகாரி. நான் தமிழில் கேட்டேன்.

"மொகத்துவாரத்துக்கு வெளிய ஒரு சரக்குத் தோணி கவுந்து கெடந்துச்சு பாய். ஆளு ஒருத்தரும் இல்ல. அதாண்ட மெதந்ததை எடுத்தேன்."

காலையிலிருந்து நின்றபடியே பேசி எனக்குத் தொண்டை வறண்டிருந்தது. "ஒரு தோணியிலிருந்து எடுத்ததாகச் சொல்கிறான்" என்று சொல்லிவிட்டேன். அவர்கள் பாஷையில் கண்டெடுப்பதற்கு ஒரு சொல். அடுத்தவர் பொருளை எடுத்துக்கொள்வதற்கு வேறு சொல். என் வாயில் வந்தது இரண்டாவது சொல். கவிழ்ந்து கிடந்ததையும் ஆள் இல்லாததையும் நான் சேர்ப்பதற்குள் எழுத்தர் எழுதி முடித்துவிட்டார். அடுத்த வழக்கைக் கூப்பிட்டாயிற்று.

பெரிதாக ஒன்றும் ஆகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மறுநாள் எழுத்தரிடம் பேச்சுவாக்கில் கேட்டேன். "திருடியதாக அவனே ஒப்புக்கொண்டான். படகு பறிமுதலாகும், அவனுக்குக் காலில் விலங்கும் விழும். தீர்ப்பு அடுத்த வாரம்" என்றார்.

உண்மையைச் சொன்னால் வேலை போகும். அதைவிட மோசம், கைநீட்டி வாங்கிக்கொண்டு பேச்சை மாற்றுகிறான் என்பார்கள். எனக்கு முன்னால் இருந்த துபாஷியை அப்படிச் சொல்லித்தான் துரத்தினார்கள். தொழுகையில் நின்றால் ஓதுவது மறந்துபோயிற்று. அகழிக் கரையில் அந்த மீனவருடைய படகைக் கவிழ்த்துப் போட்டிருந்தார்கள். வெயிலில் பலகை காய்ந்து, பலகைகளைச் சேர்த்துக் கட்டிய கயிற்றுத் தையல் விட ஆரம்பித்திருந்தது. அந்தப் பக்கம் போகாமல் சுற்றுவழியில் போனேன்.

தீர்ப்புக்கு முந்தின நாள் அவர் மனைவி என் வீட்டு வாசலுக்கு வந்தாள்.

"பாய், ஊட்டுக்காரு சொன்னதை அப்படியே சொன்னீங்க இல்ல?"

"சொன்னேன்மா."

"அப்போ இன்னாத்துக்கு வெலங்கு போடுவாங்கன்றாங்க? கவுந்த தோணியாண்ட மெதந்ததை எடுத்தா திருட்டா?"

அவள் என் முகத்தையே பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

மறுநாள் எழுத்தர் வாக்குமூலத்தை வாசிக்கத் தொடங்கியதும், "அது அவன் சொன்னதல்ல. நான் தப்பாகச் சொன்னது" என்றேன். எழுத்தர் வாசிப்பதை நிறுத்தினார்.

"இதைச் சொல்ல உனக்கு யார் என்ன கொடுத்தார்கள்?" என்றார் அதிகாரி.

நான் எதிர்பார்த்திருந்த கேள்விதான். குர்ஆன் மேல் கை வைத்துச் சத்தியம் செய்யச் சொன்னார்கள், செய்தேன். பிறகு என்னை வெளியே நிறுத்திவிட்டு, இரு பாஷையும் தெரிந்த துணி வியாபாரி ஒருவரைக் கூப்பிட்டு அவரைக்கொண்டு மீனவரிடம் மறுபடி கேட்டார்கள். மீனவர் முதல் நாள் சொன்னதையே ஒரு சொல் மாறாமல் சொன்னாராம். வடக்கே ஒரு தோணி உடைந்து கரையொதுங்கிக் கிடந்ததைக் காவலர்களில் ஒருவரே பார்த்திருந்தார். அதுவரை அந்தக் காவலரை யாரும் கேட்கவில்லை.

துணி கோட்டைக்கு, படகு மீனவருக்கு, விலங்கு இல்லை என்று தீர்ப்பாயிற்று. கச்சேரிப் பக்கம் இனி வர வேண்டாம் என்று என்னைக் கிடங்கில் பொதி எண்ண அனுப்பினார்கள்.

படகை மீட்க அவர் வந்தபோது நானும் போய் ஒரு பக்கம் பிடித்தேன். ஏரித் தண்ணீர் வரை இழுத்துப்போய் இறக்கினோம்.

"நான் சொன்னதுக்கு அவங்க பாஷைல வார்த்தை இருக்குதா பாய்?" என்று கேட்டார்.

"இருக்கு."

"உங்களுக்கு அது தெரியும்?"

"தெரியும்."

அவர் படகில் ஏறினார். விட்டுப்போன தையல் வழியாகத் தண்ணீர் உள்ளே ஏறிக்கொண்டிருந்தது. அதை இறைத்து ஊற்றுவதும் கோலை ஊன்றுவதுமாகக் கோட்டைக்குப்பத்தை நோக்கிப் போனார்.