பெண்கள் பெட்டியில் ஓர் உளவாளி

திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்குக் காலைப் பாசஞ்சரில் போய்வருகிறவர்களில் நாங்கள் நான்கு பேர் பெண்கள் பெட்டியில் எப்போதும் சேர்ந்தே உட்காருவோம். நான் விழுப்புரத்தில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். என் எதிரே உட்காருபவர் பள்ளி ஆசிரியை, திண்டிவனத்துச் சமணக் குடும்பத்தைச் சேர்ந்தவர். எங்கள் எல்லோருக்கும் அவர் டீச்சர்தான். மயிலத்தில் ஏறுகிற இளம்பெண் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். நான்காமவர் பிரம்மதேசத்திலிருந்து டவுன் பஸ் பிடித்து வந்து ரயிலேறும் அக்கா. ஒரு கண் டாக்டரின் கிளினிக்கில் டோக்கன் எழுதிக் கொடுக்கும் வேலை அவருக்கு. அதிகம் பேச மாட்டார். நாங்கள் மூவரும் அடிக்கும் அரட்டையைக் கேட்டுச் சிரித்துக்கொண்டு வருவார்.

ஒருமுறை புத்தகக் கண்காட்சியில் ஓர் உளவு நாவல் வாங்கினேன். அட்டையில் துப்பாக்கி, கப்பல், பாதி முகம். ஊருக்குத் துணி வியாபாரியாகத் தெரிந்த ஒருவன் உண்மையில் அரசாங்கத்தின் உளவாளி. ஒரு நாள் காலையில், வெளியூர் போய் வருகிறேன் என்று மனைவியிடம் சொல்லிவிட்டுக் கிளம்புகிறான். வேறு பெயரில் வேறு நாட்டுத் துறைமுகத்தில் வாழத் தொடங்குகிறான். அதன்பிறகு பக்கத்துக்குப் பக்கம் துரத்தல்தான். வருடங்கள் ஓடி, கடைசிப் பக்கத்தில் நரைத்த தலையோடு தன் வீட்டு வாசலில் வந்து நிற்கிறான். மனைவி கதவைத் திறக்கிறாள். அவ்வளவுதான் கதை.

நான் முடித்ததும் நர்ஸ் வாங்கிப் போனாள். இரண்டே நாளில் திரும்பி வந்தது.

“சூப்பர் ஸ்பீடுக்கா. சோறு ஆக்கறப்போ ஒரு கையில கரண்டி, ஒரு கையில புக்கு. ஆனா தோள்ல குண்டு பட்டவன் மறுநாளே செவுரு ஏறிக் குதிக்கிறான். எங்க வார்டுல வந்து பாக்கச் சொல்லுங்க. கட்டி அறுத்துக்கினவங்களே ஒரு வாரம் கைய தூக்க மாட்டாங்க.”

டீச்சரின் கோபம் வேறு. “அந்த வாட்ச்மேனை எதுக்குக் கொன்னான்? அவன் பாட்டுக்கு உக்காந்துக்கினு டீ குடிக்கிறான். அவனுக்கும் ஒரு வீடு இருக்காதா? அவன் வரலைன்னு யாரும் தேட மாட்டாங்களா? எழுதினவருக்கு அதெல்லாம் நெனப்பே இல்ல.” இப்படித் திட்டியவர்தான் அதை இரண்டாம் முறையும் படித்தார். அதே வாட்ச்மேன் மீண்டும் செத்தபோது மீண்டும் கோபப்பட்டார்.

எனக்கு அந்த வேகம் பிடித்திருந்தது. பேரணி வந்ததும் விக்கிரவாண்டி போனதும் தெரியாமல் படிக்க வைக்கிற புத்தகங்கள் எனக்குக் கொஞ்சம்தான் கிடைத்திருக்கின்றன. அந்த மாதம் முழுக்க எங்கள் பெட்டியில் அந்த உளவாளி பேச்சுதான். பக்கத்து இருக்கைப் பெண்கள்கூட, “அப்புறம் இன்னா ஆச்சி அந்த ஆளுக்கு?” என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

அப்போதுதான் அக்கா கேட்டார். “எனக்கும் ஒரு தபா குடுங்களேன். படிச்சிட்டுத் தர்றேன்.”

அவர் புத்தகம் படித்து நாங்கள் பார்த்ததில்லை. காலண்டர் தாளில் அட்டை போட்டு எடுத்து வந்தார். உதடுகள் அசைய, வரிக்கு வரி விரல் வைத்துப் படித்தார். நர்ஸ் இரண்டு நாளில் ஓடிய தூரத்தை அவர் வாரக்கணக்கில் நடந்தார். துரத்தல் வரும் பக்கங்களில் சீக்கிரம் புரட்டிவிடுவார். அந்த ஆள் தனியாக அறையில் உட்கார்ந்து வீட்டை நினைக்கிற பத்தி எங்காவது வந்தால் அதையே திரும்பத் திரும்பப் படிப்பார். அப்படிப்பட்ட பத்திகள் அந்தப் புத்தகத்தில் அதிகம் இல்லை.

ஒரு நாள் விக்கிரவாண்டி தாண்டியதும் புத்தகத்தை மடித்து வைத்துவிட்டு டீச்சரிடம் கேட்டார்.

“இந்த மாதிரி ஆளுங்க நெஜமாவே இருக்காங்களா டீச்சர்?”

“இருக்காங்க. எல்லா நாட்டுலயும் இருக்காங்க.”

“ஊட்ல சொல்லக்கூடாதா அவங்க?”

“சொல்லக்கூடாதுன்னுதான் சொல்றாங்க.”

அக்கா ஜன்னல் பக்கம் பார்த்தார். பிறகு, யாரும் கேட்காமலே சொன்னார். அவர் கணவர் வீட்டைவிட்டுப் போனபோது மகள் பால்வாடிக்குப் போய்க்கொண்டிருந்தாளாம். இப்போது அவள் கல்லூரியில் இருக்கிறாள். வடக்கே கான்ட்ராக்ட் வேலை, பத்து நாளில் வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனவர். போலீசில் எழுதிக் கொடுத்தும் ஒன்றும் தெரியவில்லை.

“நல்லா இந்தி பேசுவாரு. போறதுக்கு முன்னாடி வீட்ல இருந்த அவரு போட்டோவெல்லாம் எடுத்துக்கினு போயிட்டாரு. எதுக்குன்னு எனக்கு இத்தினி வருசமா புரியல. இந்தக் கதையிலயும் அந்தாளு கிளம்பறதுக்கு முன்ன தன் போட்டோவ எல்லாம் கொளுத்துறாரு, பாத்தீங்களா?”

நாங்கள் மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. பார்த்தால் முகத்தில் தெரிந்துவிடும். நர்ஸ்தான் முதலில் வாயைத் திறந்தாள். “இருக்கலாங்க்கா. யாரு கண்டா.”

அந்த ஒரு வார்த்தையில் அக்காவின் முகம் தெளிந்ததை இப்போதும் நினைத்துக்கொள்கிறேன். அதன்பிறகு அவர் எங்களோடு அதிகம் பேசினார். தலையில் பூ வைத்துக்கொண்டு வந்தார். மகளிடமும் கதையைச் சொன்னாராம், அவள் எழுந்து போய்விட்டாளாம். “அதுக்கு அவங்கப்பா மேல கோவம்” என்றார், அந்தக் கோபம் சீக்கிரம் தீர்ந்துவிடும் என்பது போல.

விழுப்புரத்தில் மாதம் ஒரு சனிக்கிழமை மாலை கூடுகிற வாசகர் வட்டம் ஒன்று உண்டு. அந்த மாதம் இதே நாவலைப் பற்றிப் பேசப் போவதாகச் செய்தி வந்தது. பெட்டியில் சொன்னேன். அக்கா உடனே, “நானும் வர்றேன். எழுதினவரு வருவாரா?” என்றார். வர மாட்டார் என்று தெரிந்தும் வந்தார். கிளினிக் முடிந்து நேராக ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினார்.

கூட்டத்தில் இளைஞர்கள்தான் அதிகம். ஒரே மூச்சில் படித்தேன் என்றான் ஒருவன். படகுக் காட்சியில் தர்க்கப் பிழை இருக்கிறது என்றார் கண்ணாடி போட்ட ஒருவர். இரண்டாம் பாகம் வந்தே ஆக வேண்டும் என்று இன்னொருவன். வேறு யாராவது பேசுகிறீர்களா என்று தலைமை தாங்கிய ஓய்வுபெற்ற பேராசிரியர் கேட்டபோது, என் பக்கத்தில் அக்கா எழுந்து நின்றார்.

“எல்லாரும் அவரு ஓடுனதையே பேசுறீங்க. அந்தம்மா வீட்ல இருந்துச்சே, அதப் பத்தி ஒரு பக்கங்கூட இல்ல. அது பரவால்ல, அது எனக்குத் தெரியும். நான் கேக்கறது ஒண்ணுதான். இத்தினி வருசத்துல உயிரோட கீறேன்னு ஒரு தகவல் அனுப்ப முடியாதா அவங்களால? அவ்ளோ கண்டிசனா?”

பேராசிரியர் நல்ல மனிதர். அவருக்கு எதுவும் தெரியாது. அன்பாகத்தான் சிரித்துக்கொண்டு சொன்னார்: “அம்மா, இது பொழுதுபோக்குக் கதை. நெஜத்துல வீட்டை விட்டுப் போற ஆம்பளைங்க யாரும் நாட்டுக்காகப் போறதில்லீங்க.”

கூடம் முழுக்கச் சிரித்தது. அக்காவும் எல்லோரோடும் சேர்ந்து கொஞ்சம் சிரித்துவிட்டு உட்கார்ந்தார். முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டார். திரும்பும் ரயிலில், நான் கேட்காமலே, “அவரு தமாசுக்குச் சொன்னாரு” என்றார்.

அதற்கடுத்த பொங்கல் முடிந்து ஒரு வாரம் அக்கா வேலைக்கு வரவில்லை. போன் எடுக்கவில்லை. திரும்பி வந்த அன்று புத்தகத்தை டீச்சர் மடியில் வைத்தார்.

“அவரு கெடைச்சிட்டாரு” என்றார்.

அக்காவின் தங்கை மகன் மோட்டாருக்குச் சாமான் வாங்கப் பாண்டிச்சேரி போயிருக்கிறான். பம்ப்செட் ரிப்பேர் செய்யும் கடை ஒன்றில் அவரைப் பார்த்திருக்கிறான். திண்டிவனத்திலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம். இத்தனை வருடமும் அவர் அங்கேதான் இருந்திருக்கிறார். கடைக்குப் பின்னாலேயே வீடு, இன்னொரு குடும்பம். அக்கா மகளைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார்.

“மொதல்ல எம்மகளத்தான் பாத்தாரு. அடையாளம் தெரியல. அப்புறந்தான் என்னப் பாத்தாரு. ‘யாரு சொன்னாங்க உனக்கு?’ன்னாரு. அதான் மொத வார்த்த.”

“நீங்க இன்னாக்கா சொன்னீங்க?” நர்ஸ் கேட்டாள்.

“தண்ணி கேட்டேன். நாக்கு ஒட்டிக்கிச்சி. உள்ளேருந்து அவரு கட்டிக்கின பொண்ணு சொம்புல கொண்டாந்து குடுத்திச்சி. அதுக்கு ஒண்ணும் தெரியாது. மோட்டாரு ரிப்பேருக்கு வந்தவங்கன்னு நெனச்சிக்கிச்சி. ‘உக்காருங்கம்மா’ன்னுச்சி. குடிச்சேன். சொம்ப அது கையில குடுத்தேன். வந்துட்டோம்.”

ரயில் முண்டியம்பாக்கத்தில் நின்று கிளம்பியது. ஏறிய பெண்களில் ஒருத்தி, இங்கே யாராவது உட்கார்ந்திருக்கிறார்களா என்று கேட்டாள். நாங்கள் நகர்ந்து இடம் கொடுத்தோம். டீச்சர் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

“இந்தக் கதைய படிச்சிக்கினு இருந்தப்போ எனக்கு நல்லா தூக்கம் வந்துச்சி டீச்சர்” என்றார் அக்கா. “எங்கியோ கஷ்டப்பட்டுக்கினு இருக்காரு, அதான் வர முடியலன்னு நெனச்சிக்கினு படுப்பேன். அவரு செத்துட்டாருன்னு நெனச்சி அழுத வருசமெல்லாங்கூட இப்போ நல்லாத்தான் இருந்துச்சின்னு தோணுது.”

அந்தப் புத்தகத்தைப் பற்றி அவ்வளவு பேசியவர்கள் நாங்கள். குண்டுக் காயம் ஆறுவதைப் பற்றியும் வாட்ச்மேன் செத்ததைப் பற்றியும் எங்களுக்கு அபிப்பிராயம் இருந்தது. விழுப்புரம் வந்தது, இறங்கினோம், அவரவர் வழியில் போனோம்.

வாசகர் வட்டத்தில் ஒரு மலர் போடுகிறார்கள், பெண்கள் பெட்டியின் கருத்துகளை எழுதித் தாருங்கள் என்று கேட்டார்கள். எழுதினேன். நர்ஸ் சொன்னது இருந்தது, டீச்சர் சொன்னது இருந்தது. படித்தவர்கள் ரசித்துச் சிரித்ததாகச் சொன்னார்கள். அக்கா சொன்னதை அதில் எழுத எனக்குக் கை வரவில்லை. எழுதாமல் விட்டது சரிதான் என்றாலும், அந்த நாவலைப் பற்றி நான் கேட்டதிலேயே பெரிய பேச்சு யாருக்கும் தெரியாமல் போனதே என்ற வருத்தம் இருக்கிறது.

அந்தக் கோடையில் அக்காவுக்குத் திண்டிவனத்திலேயே ஒரு மெடிக்கல் ஷாப்பில் வேலை கிடைத்துவிட்டது. ரயிலுக்கு வருவது நின்றுபோனது. போன மாதம் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். கொஞ்சம் இளைத்திருந்தார். மகள் சென்னையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்துவிடுகிறாள் என்றார். டீச்சரையும் நர்ஸையும் விசாரித்தார்.

“ஒரு நாள் வீட்டுக்கு வாங்க அக்கா” என்றேன்.

“வர்றேங்க. லீவு கெடைக்கணும்” என்றவர், பிரம்மதேசம் பஸ் வந்துவிட்டதைப் பார்த்து வேகமாக நடந்தார். கூட்டத்தில் ஏறினார். உள்ளே இடம் கிடைத்ததா என்று எனக்குத் தெரியவில்லை.