கூர் போட்ட வளையம்

அந்த ஆஸ்பத்திரியின் கருவி அறையில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் குறைவு. கறுப்புக் கயிற்றில் கோத்த ஒரு பூதக்கண்ணாடி எந்நேரமும் அவள் கழுத்தில் தொங்கும். முதுகுக்குப் பின்னால் அதுவே அவள் பெயர். நேரில் ‘அக்கா’. ஆபரேஷன் தியேட்டரிலிருந்து கறையோடு இறங்கிவரும் கத்தி, கத்தரி, இடுக்கிகளைக் கழுவித் துடைத்து, ஒவ்வொன்றாகப் பார்த்து, பொட்டலம் கட்டி, நீராவிப் பெட்டியில் வைத்தெடுத்து மறுபடி மேலே அனுப்பும் வேலை. பத்தொன்பது வருடமாக அதைத்தான் செய்கிறாள். பெரிய சாதனை என்று சொல்ல ஒன்றுமில்லை. பார்ப்பதை முழுதாகப் பார்ப்பாள், அவ்வளவுதான். யோசித்தால் அது அவ்வளவு சுலபமுமில்லை.

அந்த அறையில் அவளுக்குப் பிடித்த கருவி ஒன்று உண்டு. ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைந்த எஃகுக் கம்பி, ஒரு முனையில் பிடி, மறுமுனையில் சுண்டுவிரல்கூட நுழையாத ஒரு வளையம். முட்டிக்குள் நார் அறுந்துபோனவர்களுக்குத் தொடையிலிருந்து ஒரு தசைநாணை எடுத்துத்தான் புது நார் வைப்பார்கள். நாணின் நுனியை வளையத்துக்குள் விட்டு, நூலால் இழுத்துப் பிடித்துக்கொண்டு, கம்பியைத் தொடைக்குள் மெல்ல மேலே தள்ளினால் நாண் தசையை விட்டு உரிந்து முழுதாக வந்துவிடும். இதில் வேடிக்கை என்னவென்றால், மற்ற கருவிகள் கூராக இருக்க வேண்டும், இது கூராக இருக்கக் கூடாது. கூரானால் நாண் பாதி வழியிலேயே துண்டாகிவிடும். குட்டை நாணை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. அறுக்கத் தெரிந்தும் அறுக்காமல் இருப்பதே அந்த வளையத்தின் குணம். மனிதர்களில்கூட அப்படி ஓரிருவரைத்தான் அவள் பார்த்திருக்கிறாள்.

வளையத்தின் கம்பி போன வாரம் லேசாக வளைந்துவிட்டது. மாதம் ஒரு முறை ஆஸ்பத்திரிக்கு வரும் சாணைக்காரருக்கான தட்டில் அதையும் வைத்தாள். மறுநாள் மகள் வீடு மாறியதால் அவளுக்கு லீவு. ‘நிமிர்த்தினால் போதும்’ என்று ஒரு சீட்டு எழுதிக் கட்டியிருக்கலாம். அவருக்குத் தெரியாதா என்று விட்டுவிட்டாள்.

லீவு முடிந்து காலை எட்டு மணிக்கு வந்ததும், சாணைக்காரர் வைத்துவிட்டுப் போன காகிதம் மேசையில் இருந்தது. எதையெதைச் சாணை பிடித்தார் என்ற பட்டியல். கத்தரி ஆறு, உளி நாலு, வளையம் ஒன்று.

கடைசி வரியை அவள் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தாள். கண்ணாடி தேவைப்படாத எழுத்துதான்.

வளையம் அறையில் இல்லை. இன்னொரு ஷிஃப்ட்காரி, கம்பி நேராகிவிட்டதைப் பார்த்து, கழுவி, நீராவியில் வைத்து, முத்திரை போட்டு மேலே அனுப்பிவிட்டிருந்தாள். ஒன்பது மணிக்கு ஒரு விளையாட்டு டீச்சருக்கு முட்டி ஆபரேஷன். அந்த அளவில் வேறு வளையமும் கிடையாது. பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தால் முத்திரை போச்சு, மறுபடி நீராவியில் வைத்தாக வேண்டும். பிரிக்காவிட்டால் அந்தப் பெண்ணின் தொடைக்குள்தான் தெரியவரும்.

சாணைக்காரருக்குப் போன் போட்டாள். அவர் குரலில் பூரிப்பு.

“சும்மா நிமித்துறதோட விட்டுருவேனாக்கா? விளிம்பு மொண்ணையா இருந்துச்சு. கூர் போட்டுக் குடுத்திருக்கேன். தலைமுடியை விட்டுப் பாருங்க, ரெண்டாயிரும்.”

அவள் ஒன்றும் சொல்லாமல் வைத்துவிட்டுப் படியேறினாள்.

தியேட்டர் வாசலில் டீச்சர் தள்ளுபடுக்கையில் படுத்திருந்தாள். வலது முட்டிக்கு மேல் நீல மையில் ஓர் அம்புக்குறி. தன் அம்மாவிடம், திரும்ப எப்போது ஓடலாம் என்று டாக்டர் சொன்னதை விரல் மடக்கிக் காட்டிக்கொண்டிருந்தாள். அவர்களைத் தாண்டிப்போக அவளுக்குக் கால் கூசியது.

உள்ளே கை கழுவிக்கொண்டிருந்த டாக்டருக்குப் பட்டப்பெயர் ‘ஒன்பது மணி’. ஒன்பது என்றால் ஒன்பதுதான். அவரிடம் போய்த் தாமதம் என்று சொல்ல யாருக்கும் நாக்கு எழாது. பொட்டலம் கிழிந்திருந்தது என்று சொல்லித் திருப்பி வாங்கிவிடலாம் என்று படியில் ஒரு நொடி தோன்றியது உண்மை. பத்தொன்பது வருடத்தில் ஒரு தட்டுகூட அவள் தப்பென்று திரும்பி வந்ததில்லை.

“சார், அந்த வளையத்தை எடுக்காதீங்க. சாணை பிடிச்சு வந்திருக்கு. சீட்டு கட்டாம அனுப்பினது நான்.”

அவர் குழாயை நிறுத்தவில்லை. “எவ்வளவு நேரம்?”

“ஒண்ணேகால் மணி நேரம்.”

கடிகாரத்தைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். பிறகு நர்ஸிடம், மணிக்கட்டில் திருகாணி எடுக்க வேண்டிய ஆளை முதலில் கொண்டுவரச் சொன்னார். அவளை ஒரு வார்த்தை திட்டியிருந்தால் தேவலாம் போலிருந்தது.

பொட்டலத்தை வாங்கிக்கொண்டு கீழே வந்து பிரித்தாள். ஈரமான துணிநாடா ஒன்றை வளையத்துக்குள் விட்டு இழுத்தாள். நாடா சத்தமில்லாமல் இரண்டாகி மேசையில் விழுந்தது. சாணைக்காரர் பொய் சொல்லவில்லை. அவ்வளவு சீரான விளிம்பை அவள் கண்டதே இல்லை. அழிக்க மனம் வரவில்லை, அழித்தாள். எண்ணெய்க் கல்லில் விளிம்பை உருட்டி உருட்டித் தேய்த்து, நாடாவை விட்டு இழுத்தாள். இழை பிரிந்தது. மறுபடி தேய்த்தாள். நாலாவது நாடா பிசிறில்லாமல் முழுசாக வெளியே வந்தது. கண்ணாடியில் ஒரு சுற்று பார்த்தாள், கழுவினாள், நீராவிக்குக் கொடுத்தாள். சூடு ஏறி, நேரம் முடிந்து, ஆறி வரும்வரை உட்கார்ந்து, நடந்ததைத் தவறுகள் பதியும் நோட்டில் எழுதினாள். ‘யாரால்’ என்ற கட்டத்தில் தன் பெயரை எழுதினாள். பத்தேகாலுக்கு வளையம் மேலே போனது.

பன்னிரண்டுக்குத் தட்டு இறங்கி வந்தது. ஒவ்வொரு தட்டிலும் ‘குறை இருந்தால் எழுதவும்’ என்று ஒரு துண்டுக் காகிதம் போகும், வெறுமையாகவே திரும்பும். இன்று அதில் டாக்டரின் கோழிக்கிறுக்கல் இருந்தது. ‘நாண் இருபத்தேழு செ.மீ. முழுசு.’

அவ்வளவுதான். அவளுக்கு அது போதும். காகிதத்தை மடித்துக் கண்ணாடியின் உறைக்குள் வைத்துக்கொண்டு, ஆறிப்போன டீயை ருசித்துக் குடித்தாள்.

சாயங்காலம் வீட்டில் கதையைக் கேட்ட அவள் கணவர், தையல்காரர், கையிலிருந்த ஊசியை நிறுத்திவிட்டுச் சிரித்தார். “நல்லா இருந்ததை மொண்ணையாக்கிட்டு வந்து பெருமை பேசுற ஒரே ஆள் நீதான்.”

அப்போதுதான் சாணைக்காரரின் போன். காலையில் அவள் பேசாமல் வைத்தது மனிதரை நாள் முழுக்க அரித்திருக்கிறது. அவள் விளக்கினாள்.

“மழுக்கிட்டீங்களா?”

“மழுக்கிட்டேன்.”

“எவ்வளவு நேரம் ஆச்சு?”

“பத்து நிமிஷம்.”

“நான் போட்டது நாப்பது நிமிஷம்கா,” என்றார் அவர்.

அவளுக்கு அவர் வருத்தம் புரிந்தது. விளிம்பு அழகாக இருந்ததைச் சொன்னாள். சீட்டு கட்டாதது தன் தப்பு என்பதையும் சொன்னாள். பிறகு கணவரின் மேசையிலிருந்த பெரிய துணிக்கத்தரியைத் தூக்கி, விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். நுனியில் இரண்டு இடத்தில் பல் விழுந்திருந்தது.

“அடுத்த தடவை எங்க வீட்டுக் கத்தரி ஒண்ணு கொண்டுவரேன்,” என்றாள். “அதுக்கு உங்க இஷ்டத்துக்குக் கூர் போடுங்க.”