பெரியப்பா வைத்த பாஸ் பரீட்சை

போன வாரம் கே.கே. நகரில் வங்கிக்குப் போயிருந்தேன். அங்கே இருந்த சின்னப் பெண் என் கைபேசியை வாங்கி ஏதேதோ தட்டிவிட்டு, "ஒரு பாஸ்வேர்டு சொல்லுங்கம்மா" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாஸ் என்ற சொல் காதில் விழுந்தாலே எனக்கு அப்படித்தான். கிழவிக்கு என்னவோ ஆகிவிட்டது என்று பயந்து, பாவம், தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

இந்த வியாதியை எனக்குக் கொடுத்தவர் என் பெரியப்பா. அப்பா சீக்கிரமே போய்விட்டதால் என்னை வளர்த்தவரும் அவர்தான். ரயில்வே கூட்ஸ் ஷெட்டில் குமாஸ்தா. சாயங்காலம் அவர் தெருமுனை திரும்புவதற்குள் வற்றல் மிளகாயும் கோணிச் சாக்கும் கலந்த நெடி வீட்டுக்குள் நுழைந்துவிடும். நாங்கள் தும்ம ஆரம்பித்ததும் பெரியம்மா காப்பிக்கு அடுப்பைப் பற்றவைப்பாள். இன்றைக்கும் கீழமாசி வீதிப் பக்கம் சாக்குக் கடையைத் தாண்டினால் எனக்குத் தும்மலோடு கொஞ்சம் அழுகையும் வரும். அழுகை கிடக்கட்டும், கதைக்கு வருகிறேன்.

ரயில்வேக்காரர் என்பதால் பெரியப்பாவுக்கு இலவச பாஸ் உண்டு. அதை வைத்துக்கொண்டு அவர் எந்த ஊருக்கும் போனதாக எனக்கு நினைவில்லை. சட்டைப்பையில் வைத்திருந்து வருகிறவர் போகிறவரிடமெல்லாம் எடுத்துக் காட்டுவார். அப்படியே அந்தச் சொல்லின் மேலும் அவருக்குப் பித்துப் பிடித்துவிட்டது. "சின்னூண்டு வார்த்த. உள்ள எம்புட்டு அர்த்தம் இருக்கு பாரு" என்பார். அர்த்தங்களை விரல் கணுக்களில் எண்ணி வைத்திருந்தார்.

யுத்த காலத்தில் எனக்கு மாப்பிள்ளை தேட ஆரம்பித்தார்கள். மற்ற வீடுகளில் நிலம் எவ்வளவு, சம்பளம் எவ்வளவு என்று விசாரிப்பார்கள். எங்கள் பெரியப்பாவோ, வந்தவர் கேசரியில் கை வைத்ததும், "தம்பி, பாஸ்ங்கிற வார்த்தைக்கு என்னென்ன அர்த்தம்?" என்பார்.

முதலில் வந்தவர் திருமங்கலத்து வாத்தியார். தேறுவது, கடந்து போவது, அனுமதிச் சீட்டு என்று அடுக்கிவிட்டுச் சம்மணத்தைத் தளர்த்தினார். "கணவாய விட்டுட்டீங்களே தம்பி" என்றார் பெரியப்பா. வாத்தியார் பெயில். அடுத்து வந்தவர் கால்பந்து ஆடுகிறவர். பந்தை அடுத்தவனுக்குத் தள்ளுவதும் பாஸ்தான் என்றார். அது பெரியப்பாவுக்கே புதிது. ஆசையாக ஒரு கணுவில் ஏற்றிக்கொண்டு ஆளை அனுப்பிவிட்டார். வக்கீல் குமாஸ்தா ஒருவர் சட்டம் நிறைவேறுவதைக் கொடுத்துவிட்டுப் போனார். தானியக் கடைக்காரர் ஒருவர் நாணயம் செல்லுபடியாவதைக் கொடுத்தார். இப்படி வந்தவரெல்லாம் தோற்றுவிட்டுப் போகும்போது ஆளுக்கொரு அர்த்தத்தை விட்டுவிட்டுப் போனதால், அடுத்தவருக்குப் பரீட்சை இன்னும் கஷ்டமானது. போதாததற்கு, அதே பொருளில் வேறு இங்கிலீஷ் சொற்கள் என்று இரண்டாம் பேப்பர் வேறு. கிராஸ், பெர்மிட், சக்ஸஸ்.

ஒரு மகானுபாவர் எடுத்த எடுப்பிலேயே, "செத்துப்போறது" என்றார். பெரியம்மா கேசரித் தட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டாள். "இருக்குற அர்த்தம்தான். அதுக்காக நல்ல நேரத்துல சொல்றதா?" என்று பெரியப்பா அன்று முழுக்க முணுமுணுத்தார்.

கதவுக்குப் பின்னால் நின்று நானும் விரல் விட்டு எண்ணுவேன். முதலில் நல்ல வேடிக்கையாக இருந்தது. சில பேரைப் பெரியப்பா கேட்பதற்கு முன்பே நான் பெயிலாக்கியிருக்கிறேன். அப்புறம் என் வயதுப் பெண்கள் இடுப்பில் பிள்ளையோடு தாய்வீடு வர ஆரம்பித்தார்கள். தெருவில், "புள்ளைக்கு ஏதோ கொற போல" என்று பேச்சு கிளம்பியது. "ரேஷன் சீனி அம்புட்டும் கேசரியாப் போச்சு. இவ இங்கனயே இருக்கா" என்றாள் பெரியம்மா. எனக்கு நிஜமாகவே பயம் பிடித்துக்கொண்டது. இப்படியே இருந்துவிடுவேனோ என்று அடுப்படியில் உட்கார்ந்து அழுதிருக்கிறேன்.

அப்போதுதான் மேலூர்க்காரர் வந்தார். வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார். பெட்ரோல் கிடைக்காததால் கரி போட்டு ஓட்டுகிற பஸ்ஸில் அம்மாவோடு வந்து இறங்கி, எங்கள் வாசலில் முகம் கழுவினார். ஒரு காதில் மட்டும் கரி போகவில்லை. கதவிடுக்கில் அந்தக் காதைப் பார்த்தேன். கட்டினால் இவரைத்தான் என்று தோன்றிவிட்டது. ஏன் என்று கேட்டால் எனக்கு இன்றும் தெரியாது.

பெரியப்பா கேள்வியைப் போட்டார். மேலூர்க்காரர் தட்டைக் கீழே வைத்தார். "அய்யா, நான் எஸ்.எஸ்.எல்.சி.யில ரெண்டு தடவ பெயில். அந்த வார்த்தைக்கும் எனக்கும் ஆகாது" என்றார்.

நான் உரக்கச் சிரித்துவிட்டேன். "அப்பச் சரி, கையக் கழுவிக்கங்க" என்றார் பெரியப்பா. வந்தவர்களை அனுப்பி வைக்க அவர் சொல்லும் வார்த்தை அது. மேலூர்க்காரரும் எழுந்துவிட்டார்.

கூப்பிடாமல் கூடத்துக்கு வந்த முதல் பெண் அந்தத் தெருவில் நானாகத்தான் இருப்பேன். "தேறுறது" என்று தொடங்கினேன். கடக்கிறது, சீட்டு, கணவாய், பந்து, சட்டம், நாணயம் என்று கணு கணுவாக எண்ணி, இரண்டாம் பேப்பரையும் ஒரே மூச்சில் முடித்தேன்.

பெரியப்பா விரல்களைச் சரிபார்த்தார். "ஒண்ண விட்டுட்ட" என்றார். குரலில் ஒரு சந்தோஷம்.

"நல்ல நேரத்துல அதச் சொல்லக் கூடாதுன்னு நீங்கதான பெரியப்பா சொன்னீங்க?"

பெரியப்பா மிச்சமிருந்த அந்தக் கணுவையும் எண்ணி முடித்து, கேசரித் தட்டை மேலூர்க்காரர் பக்கம் நகர்த்தினார். மேலூர்க்காரர் திரும்ப உட்கார்ந்து தட்டை எடுத்துக்கொண்டார். "வீட்டுல ஒருத்தருக்கு இங்கிலீசு தெரிஞ்சாப் போதும்ங்க. பஞ்சர் நான் ஒட்டிக்கிறேன்" என்றார். அவருடைய அம்மாவே சிரித்துவிட்டார்.

கல்யாணம் முடிந்து மேலூர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். பெரியப்பா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "வாரேன் பெரியப்பா" என்றேன். "இனிமே யாருக்கு மாப்ள பாத்து, யாருகிட்டப் போயி நான் இதக் கேக்குறது?" என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அத்தனை பேரையும் அவர் பெயிலாக்கியது இங்கிலீஷுக்காக இல்லை. பஸ் நகர்ந்த பிறகும் கம்பியை விடாமல் கூடவே கொஞ்ச தூரம் வந்தார்.

கரி பஸ்ஸைச் சொன்னால் இப்போது யாரும் நம்புவதில்லை. சைக்கிள் கடை இருந்த இடத்தில் செல்போன் விற்கிறார்கள். என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்தும் வெகுகாலம் ஆயிற்று. பெண் பார்க்க வருகிறவர்கள் இப்போது வாசலிலேயே இங்கிலீஷில் பேசுகிறார்கள். என் பிள்ளைகள் என்னை நன்றாகத்தான் கவனித்துக்கொள்கிறார்கள், குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஊரார் ஏசினாலும் சரி, இவளை எவனுக்கும் கொடுக்க மாட்டேன் என்று பொய்ப் பரீட்சை வைத்து என்னைப் பிடித்து வைத்துக்கொள்ள, இப்போது ஆள் இல்லை.