ஐஸ்பெட்டியின் ஞாயிறு

இணைய விளையாட்டு நிறுவனங்களின் முறையீட்டுப் பிரிவில் பணியேற்கும் இளையோர் பலர், எந்தப் புகாருக்கும் முதல் மருந்தாகக் கணக்கு முடக்கத்தையே கையாள்கின்றனர். அம்மருந்தை நானும் ஒருமுறை தவறாகக் கொடுத்தேன். அதை மறைப்பதினும் எழுதிவைப்பதே பயன்தரும் என்பதால் இக்குறிப்பை வரைகிறேன்.

கல்லூரித் தமிழாசிரியர் பணியில் ஓய்வுபெற்றபின், தூத்துக்குடியில் ஒரு சிறு விளையாட்டு நிறுவனத்தில் சேர்ந்தேன். முத்துக்குளிப்பைக் களமாகக் கொண்டு, ஆடுநர் தோணித் தலைவராகவோ குளியாளாகவோ வேடமேற்கும் விளையாட்டு அது. விதிகளைத் தமிழில் எழுதுவதும், 'டிக்கெட்' எனப்படும் புகார்களைத் தீர்ப்பதும் என் வேலை.

1. அறுந்த கயிறு

ஒரு சனிக்கிழமை, சாயர்புரத்துத் தையற்காரர் கனகராஜிடமிருந்து டிக்கெட் வந்தது. விளையாட்டில் 'ஐஸ்பெட்டி' என்னும் தோணியின் தலைவி ரெஜினா, அவருடைய நங்கூரக் கயிற்றை அறுத்து, முத்துச்சிப்பி விளையும் பாரில் அவர் இடத்தைப் பிடித்துக்கொண்டாராம். தோணிக்கு இப்படியும் ஒரு பெயரா என்று முதலில் அதற்குத்தான் வருந்தினேன்.

இத்தகைய வழக்குகளுக்கென விளையாட்டுக்குள்ளேயே துறைமுக மன்றம் உண்டு. ஆடுநர் ஐவர் அதன் நடுவர். கனகராஜ் அங்கும் முறையிட்டிருந்தார். மறுநாள் பதினொரு மணிக்கு விசாரணை. வராதவர் தோணியை இழப்பார்.

மேலாளர் செல்வின் எட்டிப் பார்த்தார். "ஐயா, கம்ப்ளைண்ட் வந்துட்டுல்லா? ஒரு வாரத்துக்கு அக்கவுண்ட்ட லாக் பண்ணிவிட்டுட்டு வேற ஜோலியப் பாருங்க."

களவு எங்கே நடந்தாலும் களவே என்று எண்ணி, ரெஜினாவின் கணக்கை ஏழு நாள் முடக்கினேன்.

2. பத்து மணிக்கு வந்தவர்

மறுநாள் காலை பத்து மணிக்கு, ஞாயிறன்றும் திறந்திருக்கும் எங்கள் அலுவலகத்துள் ஓர் அம்மையார் நுழைந்தார். தருவைகுளத்து ஐஸ் ஆலையில் பணிபுரியும் ரெஜினா அவரே.

"என்ன ஏன் ஐயா வெளிய நிப்பாட்டிட்டிய?"

"கயிற்றை அறுத்தீர்களா, இல்லையா?"

"அறுத்தேன். நல்லா கத்தியத் தீட்டித்தான் அறுத்தேன். ஆட்டைக்குள்ள செஞ்சதுக்கு ஆட்டைக்குள்ள தண்டிக்கட்டும். பதினோரு மணிக்குக் கோர்ட்டு. உள்ள போக முடியலன்னா தோணி போச்சு. கூட ஆடுத எட்டுப் பேரும் என்ன ஏசியே கொன்னுருவாவ!"

"ஏழு நாள்தானே, அம்மா?"

"ஞாயித்துக்கிழம நம்ம ஆளுவ கடலுக்குப் போறதில்லைலா? ஐஸ் ஆலையும் லீவு. மாதா கோயில்ல பூசை முடிஞ்சு நாங்க ஆடுத ஒரே நாளு இதுதான். நீங்க பூட்டுனது ஏழு நாளில்ல ஐயா, மொத்தத்தையும்."

ஞாயிறன்று படகுகள் கரையில் நிற்பதை வாழ்நாள் முழுதும் கண்டவன் நான். விதி எழுதும்போது அது நினைவுக்கு வரவில்லை. அதனினும் பெரும்பிழை ஒன்று இருந்தது. மன்றம் விசாரிக்குமுன் தண்டித்தேன். மறுமொழி சொல்லும் வாயிலையும் அடைத்தேன். வேடம் செய்த குற்றத்துக்கு ஆளைக் கட்டிப்போட்டேன்.

உடனே முடக்கத்தை நீக்கினேன். நாணத்தால் ஒருபடி மேலேயும் சென்றேன்: "மன்ற வழக்கையும் தள்ளுபடி செய்துவிடட்டுமா?"

"அதத் தொட்டுராதிய! தோத்தாலும் நானே தோத்துக்கிடுதேன்."

3. தீர்ப்பு

எங்கள் கணினியிலேயே அமர்ந்து அவர் வழக்காடினார். குற்றத்தை ஒப்புக்கொண்டார், கனகராஜின் நங்கூரம் ஐஸ்பெட்டியின் பார் எல்லைக்குள் கிடந்ததையும் எடுத்துரைத்தார். நடுவர் ஐவரும் கலந்து தீர்ப்பளித்தனர்: தோணி அவருக்கே, ஆனால், அடுத்த மூன்று ஞாயிறும் ஐஸ்பெட்டி முத்தெடுக்கக் கூடாது, கனகராஜின் நங்கூரத்துக்குக் காவல் நிற்க வேண்டும்.

ரெஜினா மேசையைத் தட்டிச் சிரித்தார். "அறுத்தவளையே காவலுக்குப் போட்டுட்டானுவ!"

திரையில் கனகராஜின் எழுத்து ஓடியது: "ஏளா, கயிறு பத்திரம்!"

"நீரு மொதல்ல நல்ல கயிறா வாங்கும், அண்ணாச்சி!" என்று ரெஜினா தட்டச்சிட்டார். செல்வின் சிரித்தபடியே அனைவருக்கும் தேநீர் சொன்னார்.

அவ்வாரமே விதியைத் திருத்தினோம். வேடத்தின் குற்றம் மன்றத்துக்கு. உண்மையான ஆளை வசைபாடுதல், மிரட்டல், மென்பொருள் மோசடி ஆகியவை மட்டுமே அலுவலகத்துக்கு. முடக்கப்பட்டவருக்கும் மன்றத்தின் கதவு திறந்திருக்கும்.

ஆடுநரின் உரிமையைக் காப்பது அவரைத் தோல்வியினின்று காப்பதன்று. தம் செயலின் விளைவைத் தாமே சந்திப்பதும் அவர் உரிமையே. இதனை எனக்கு உணர்த்தியது அந்த ஒரு மணி நேரம்.

இக்குறிப்பை ரெஜினாவுக்குப் படித்துக் காட்டினேன். அறுத்தது ஒரு கயிறன்று, இரண்டு என்று திருத்தினார். மன்றத்துக்கு இன்றுவரை இரண்டாவது தெரியாதாம். எஞ்சிய பிழைகளை அன்று உடன் ஆடியோரும் இத்துறை அறிந்தோரும் சுட்டிக்காட்ட வேண்டுகிறேன். கனகராஜ் அண்ணாச்சி மட்டும் மன்றத்திலேயே முறையிடலாம்.