மூன்றாவது கோப்பை

தலைச்சோலைப் பக்கம் ஓர் எஸ்டேட்டில் நான் கணக்கு எழுதும் ரைட்டராக இருந்தபோது, காப்பிப்பழம் பறிக்க வந்த ஓர் அம்மாவைத் திருடி என்றே நினைத்தேன். ஒல்லியான உடம்பு, மெதுவான நடை. களத்தில் காயும் கொட்டையில் தினமும் கொஞ்சம் எடுத்து முந்தானையில் முடிந்துகொள்வார்.

ஒருநாள் கையும் களவுமாகப் பிடித்தேன்.

“ஊட்டுல வறுத்துக் குடிச்சுப் பாக்கறனுங்க. ஒவ்வொரு காட்டுக் காப்பியும் ஒவ்வொரு ருசிங்க. அதைக் கத்துக்கோணும்னு நொம்ப ஆசைங்க” என்றார்.

“ருசி பாக்கப் படிச்சவங்க வர்றாங்க. பழம் பறிக்கிறவங்களுக்கு அது எதுக்கும்மா?”

அவர் சொன்னதை நான் நம்பவில்லை. மூன்று கோப்பைக் காப்பி வைத்து, எது எஸ்டேட்டின் எந்தக் காட்டில் விளைந்தது என்று கேட்டேன். மாட்டிக்கொள்ளட்டும் என்று மூன்றாவதில் போன வருஷக் கொட்டையையும் கலந்திருந்தேன்.

முதல் இரண்டையும் உடனே சரியாகச் சொன்னார். மூன்றாவதை இரண்டு முறை குடித்தார்.

“இது மேட்டுக்காடுங்க. ஆனா பழசு கலந்திருக்குது. ஏனுங்க, வேணும்னே கலந்தீங்களா?”

எனக்கு முகம் சுண்டிப்போனது. முதலாளியிடம் நடந்ததைச் சொன்னேன். அடுத்த வருஷத்திலிருந்து அந்த அம்மா ருசி பார்த்துச் சொன்ன பிறகுதான் மூட்டைகள் வெளியே போயின.

ஆனால் நான் கொடுக்கும் காப்பியை மட்டும் அவர் முகர்ந்து பார்க்காமல் ஒருநாளும் குடித்ததில்லை. அது தொழில் பழக்கமா, என்மேல் சந்தேகமா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.