மன்மதன் வில் என்று நினைத்து மாட்டிக்கொண்டேன்

நான் சமையல் செய்த தேயிலைத் தோட்டத்துப் பங்களாவைக் காலி செய்த துரைசாணி, நாண் கழற்றிய பழைய வில் ஒன்றை எனக்குக் கொடுத்தார். ஹட்டனிலிருந்து பழம்பொருள் வாங்குகிறவர் விலை சொல்ல வருவதாக இருந்ததால், நாண் ஏற்றி வைக்க நினைத்தேன். எங்கள் காமன் கூத்தில் மன்மதன் ஏந்தும் வில்லைப் போலவே, வளைந்திருந்த பக்கமாகவே மேலும் வளைத்தேன். வில்லுக்கும் நாணுக்கும் நடுவே விட்ட கால் சிக்கிக்கொண்டது. கையை விட்டால் முகத்தில் அடிக்கும். கூப்பிட வெட்கம். வெகுநேரம் கழித்தே கத்தினேன்.

பக்கத்துக் காம்பிராவில் குடியிருக்கும் செல்வி ஓடிவந்து, "என்னக்கா, இந்த வயசுல மன்மதன் வேஷமா?" என்று சிரித்தபடியே விடுவித்தாள்.

பழம்பொருள்காரர் வந்து, நடந்ததைக் கேட்டுவிட்டு, வில்லின் பிடிக்கு மேலிருந்த எழுத்தைப் படித்தார். "நல்ல வில்லுங்கம்மா. ஆனா இதை எதிர்ப்பக்கமா வளைக்கணும். இன்னும் அமுக்கியிருந்தா வெறகுதான்" என்றார்.

இப்போதெல்லாம் மாட்டிக்கொண்டால் வெட்கப்படாமல் முதலிலேயே கத்திவிடுகிறேன்.